துயருற்ற அங்கத்தினரும் சங்கத்தின் கடமையும்
(அங்கத்தினர் கல்விப் பாடம்)

சங்கத்தின் கணக்கேடுகள் அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடனையும் பாக்கியையும் காட்டும். அவர் மனத்திலுள்ள பாரத்தைக் காட்டா. மழை பொய்த்த ஆண்டிலும், நூல் கிடைக்காமல் தறி நின்ற மாதத்திலும், "இனி உயிர் வாழ்ந்து என்ன பயன்?" என்னும் எண்ணம் சிலருக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் கடன் ஒன்றே இதற்குக் காரணம் என்று கொள்வது தவறு. மனச்சோர்வு நோய், குடிப்பழக்கம், குடும்பப் பூசல், தீராத உடல்வலி முதலியன ஒன்றோடொன்று சிக்குண்டு இந்நிலையை உண்டாக்குகின்றன. சிக்கில் ஓர் இழையைத் தளர்த்தினாலும் துயரம் குறையத் தொடங்கும்.

1. எண்ணம் தோன்றியவர் செய்யத்தக்கவை

இவ்வெண்ணம் கோழைத்தனமன்று, வெட்கப்படத்தக்கதுமன்று. உயிர் துறக்க முயன்றவரைக் கடும் மனவழுத்தத்திற்கு ஆளானவராகவே கருதவேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது.

இவ்வெண்ணத்தின் வேகம் ஏறி இறங்கும் தன்மையது. அது உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் சிறிதே. அவ்வேளையில் எம்முடிவும் செய்யாது ஒத்திவைக்க வேண்டும்; தனித்திராமல் வேறொருவர் அருகிற் செல்ல வேண்டும்; மதுவை அறவே விலக்க வேண்டும்; நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மனம் தெளிந்திருக்கும்போதே, யார் யாரை அழைக்கலாம், எவ்வேலையில் மனம் மாறும் என்பவற்றை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம்.

அச்சீட்டில் இவ்வெண்களையும் குறித்துக்கொள்ளலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. 1986 முதல் சென்னையில் தொண்டாற்றிவரும் சிநேகா நிறுவனத்தின் எண் 044-24640050. உயிருக்கு உடனடி ஆபத்தெனில் 108ஐ அழைத்தல் வேண்டும்.

2. அண்டை அயலார் செய்யத்தக்கவை

சங்கத்திற்கு வருவதைத் திடீரென நிறுத்துதல், உறக்கமின்மை, "எல்லோருக்கும் நான் பாரம்" என்று கூறுதல், அருமையாகக் காத்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவற்றைக் கண்டால், "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா, அண்ணே?" என்று நேரிற் கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது வீண் அச்சம். கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைவர். பின்னர் உபதேசம் செய்யாமல் செவி கொடுக்க வேண்டும். ஆபத்து அணுகியதெனத் தோன்றினால் அவரைத் தனியே விடாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பூச்சிமருந்தை வீட்டில் எளிதில் எட்டும்படி வைத்தலாகாது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில், பொதுக் கிடங்கில் தனித்தனிப் பூட்டுப் பெட்டிகளில் அதனை வைக்கும் முறை பரீட்சிக்கப்பட்டது. விவசாயிகளும் அதனை ஏற்றனர். கொடிய மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்த இலங்கையில், 1995க்குப் பின் இத்தகைய மரணங்கள் பெரிதும் குறைந்தன. விளைச்சல் அதனால் குறையவில்லை. கிடங்குள்ள நம் சங்கங்கள் இதனை ஆலோசிக்கலாம்.

3. சங்கம் செய்யத்தக்கவை

உயிர் துறக்க முயன்று பிழைத்த 1,867 பேரைக் கொண்டு சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் உலக சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வு நடத்தியது. ஒரு பகுதியினருக்கு ஒரு மணி நேரம் விளக்கம் கூறி, பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தனர். அவ்வாறு விசாரிக்கப்படாதாரைக் காட்டிலும் இவர்களுள் தற்கொலையால் இறந்தோர் மிகக் குறைவு என்பது 2008இல் வெளியான முடிவு. நலம் விசாரித்தல் எந்தச் சங்கத்தாலும் இயலும் காரியம். அங்கத்தினர் இருவரை இதற்கென நியமித்தாலே போதும்.

கடனை வசூலித்தல் சங்கத்தின் கடமையே. ஏனையோரின் சேமிப்பன்றோ கடனாகச் சென்றுள்ளது! எனினும் பொதுக்கூட்டத்தில் பாக்கிதாரர் பெயரை உரக்க வாசிப்பதும், மனைவி மக்கள் முன்னே இழித்துரைப்பதும் வசூலன்று. அவமானத்திற்கு அஞ்சியவர் சங்கத்தின் வாசலை மிதியார். கடனும் வாராது, ஆளும் தனித்துவிடுவார். காரியதரிசி அவரைத் தனியே அழைத்து, இயற்கைச் சேதத்தால் பயிர் அழிந்தபோது குறுகியகாலக் கடனை மத்தியகாலக் கடனாக மாற்ற விதிகளில் உள்ள இடத்தையும், நெசவாளராயின் அவர் தம் சேமிப்பிலிருந்து பெறத்தக்கதையும் தாமே எடுத்துரைக்க வேண்டும். சங்கங்களைப் பார்வையிட வரும் நாங்கள் பாக்கிப் பட்டியலைக் கேட்கிறோம். அதிலுள்ளவர்களைச் சென்று கண்டவர் யார் என்று கேட்பதும் எங்கள் கடமையே ஆகும்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. ஆறு மாதமாகக் கூட்டத்திற்கு வராத அங்கத்தினர் யாவர்? காரணம் கேட்டோமா?
2. நம் ஊரில் பூச்சிமருந்தைப் பூட்டி வைக்க என்ன ஏற்பாடு உண்டு?
3. 14416 என்னும் எண்ணைச் சங்க வாசலில் எழுதி வைத்துள்ளோமா?