கிங்கை விட்டால் வேறு யார்?

கேள்வி: எங்கள் மகள் நியூ ஜெர்சியில் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். பிப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதம் என்பதால், ஒருவரைத் தேர்ந்தெடுத்து இரண்டு பக்கக் கட்டுரையும் ஒரு போஸ்டரும் செய்துவரச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் மார்ட்டின் லூதர் கிங், மீதிப் பேர் ரோசா பார்க்ஸ். "காந்தியையும் கிங்கையும் சேர்த்து எழுதட்டும், நமக்கும் பெருமை" என்கிறார் கணவர். ஊரிலிருந்து போன் செய்யும் மாமியார், கமலா ஹாரிஸைப் பற்றி எழுதச் சொல்கிறார். மகளுக்கோ கப்பல், விமானம் என்றால் உயிர். பெரியவர்கள் சொன்ன எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரைத் தேர்ந்தெடுக்கலாம்? அடிமைமுறை பற்றி பத்து வயதுக் குழந்தையிடம் எவ்வளவு பேசலாம்?
— ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மாமியார் சொல்வதில் தவறில்லை. கமலா ஹாரிஸின் தந்தை ஜமைக்காவிலிருந்து வந்தவர். கமலா படித்தது கறுப்பினத்தவருக்காகத் தொடங்கப்பட்ட ஹோவர்டு பல்கலைக்கழகத்தில். தகுதி இருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் அந்தக் கட்டுரை எப்படிப் போகும் என்பது தெரிந்ததுதானே! முதல் பத்தியிலேயே அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரம் வந்துவிடும். அடுத்தது தாத்தா கோபாலன், அப்புறம் அம்மா ஷியாமளா. அதற்குள் இரண்டு பக்கம் முடிந்திருக்கும்.

கணவரின் யோசனைக்கும் அதே கதிதான். கிங் 1959-ல் இந்தியாவுக்கு வந்ததும், காந்தியிடம் பாடம் கற்றதாகச் சொன்னதும் உண்மை. ஆனால் இந்த மாதத்தின் வேர், கார்ட்டர் வுட்சன் 1926-ல் தொடங்கிய ஒரு வாரக் கொண்டாட்டம். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். தன் மக்களின் வரலாறு பாடப்புத்தகங்களில் இல்லையே என்பதுதான் அவருடைய ஆதங்கம். அந்த மாதத்திலும் நம் ஊர்ப் பெருமையைக் கொண்டுபோய் நடுவில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. காந்தி இருந்தே ஆகவேண்டும் என்று கணவர் பிடிவாதம் பிடித்தால், ஜேம்ஸ் லாசனை எடுத்துக்கொள்ளுங்கள். கொரியப் போருக்குப் போக மறுத்துச் சிறை சென்றவர், பிறகு நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரிக்கு வந்து சில ஆண்டுகள் இருந்தவர். ஊர் திரும்பி, நாஷ்வில் நகர மாணவர்களுக்கு அடி வாங்கியும் திருப்பி அடிக்காமல் இருக்கப் பயிற்சி கொடுத்தார். 1960-ல் அங்கே உணவகங்களில் நடந்த உள்ளிருப்புப் போராட்டத்தின் பின்னால் இருந்தவர் அவர். அந்தக் கதையில் நாக்பூர் ஒரு பத்திதான், மற்றதெல்லாம் லாசன்.

ஆனால் உங்கள் மகளுக்கு நான் சொல்லும் பெயர் ராபர்ட் ஸ்மால்ஸ்.

1839-ல் தென் கரோலினாவின் போஃபோர்ட்டில் அடிமையாகப் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் சார்ல்ஸ்டன் துறைமுக நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டார். உழைத்தது அவர், கூலி போனது எஜமானுக்கு. வாரத்துக்கு ஒரு டாலர் மட்டும் அவர் கைக்கு வந்தது. கல்யாணமாகி மகளும் பிறந்தபின், மனைவியையும் குழந்தையையும் விலை கொடுத்து மீட்க நினைத்தார். கேட்ட விலை 800 டாலர். அவரால் சேர்க்க முடிந்தது 100.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. சாட்டை, சங்கிலிப் படங்களையெல்லாம் காட்ட வேண்டியதில்லை. ஒருவர் தன் மகளை வீட்டுக்கு அழைத்துப்போக யாருக்கோ பணம் கட்ட வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள், போதும். அடுத்த கேள்விகளை அவளே கேட்பாள். கேட்கும் அளவுக்குப் பதில் சொல்லுங்கள்; "அது அந்தக் காலம்" என்று மட்டும் முடித்துவிடாதீர்கள்.

உள்நாட்டுப் போர் வந்தபோது, ஸ்மால்ஸ் 'பிளான்டர்' என்ற நீராவிக் கப்பலில் சுக்கான் பிடிப்பவராக இருந்தார். பஞ்சு ஏற்றிய கப்பல் அது; இப்போது அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் படைக்குப் பீரங்கி சுமந்தது. 1862 மே 12 இரவு, வெள்ளையரான மூன்று அதிகாரிகளும் கப்பலை விட்டுக் கரைக்குப் போய்விட்டார்கள். விடிவதற்குள் ஸ்மால்ஸும் கூட்டாளிகளும் கொதிகலனை மூட்டிக் கப்பலைக் கிளப்பினார்கள். இன்னொரு துறையில் காத்திருந்த குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டார்கள். கேப்டனின் வைக்கோல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அவரைப் போலவே நின்றார் ஸ்மால்ஸ். கடக்க வேண்டிய ஒவ்வொரு கோட்டைக்கும் உரிய ஊதல் சங்கேதம் அவருக்கு மனப்பாடம். சம்டர் கோட்டையும் வழிவிட்டது. பீரங்கி எட்டாத தூரம் போனதும் தெற்கின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். அதை எதிரில் நின்ற வடக்குக் கப்பல் பார்க்கச் சற்றுத் தாமதமாகியிருந்தால் சுட்டிருக்கும். அப்போது ஸ்மால்ஸுக்கு வயது 23.

கப்பல் பிரியைக்கு இது போதாதா? ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். உங்கள் மகள் தாண்டிப் போகட்டும். பரிசுப் பணமாக ஸ்மால்ஸுக்கு 1,500 டாலர் கிடைத்தது. தான் அடிமையாக இருந்த எஜமானின் போஃபோர்ட் வீட்டை, வரி பாக்கிக்காக விற்பனைக்கு வந்தபோது வாங்கினார். 1868-ல் மாநில அரசியல் சாசனம் எழுதியவர்களில் ஒருவராக, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று வாதாடினார். ஐந்து முறை அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1895-ல் அதே மாநிலம் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்கப் புதிய சாசனம் எழுதியபோது, சபையின் 160 பேரில் கறுப்பினத்தவர் ஆறே பேர். அவர்களில் ஒருவரான ஸ்மால்ஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். என்னைக் கேட்டால், தொப்பியைவிடத் துணிச்சலான இடம் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதத்தில் இணையத்தில் சுற்றும் பட்டியல்களை அப்படியே நம்ப வேண்டாம். நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பார்கள். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ரத்த வங்கி முன்னோடி சார்ல்ஸ் ட்ரூ 1950-ல் விபத்தில் சிக்கியபோது, வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்பார்கள். உண்மையில் மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள், காயம் பெரிது. இருவருக்கும் உண்மையான சாதனைகளே ஏராளம், கட்டுக்கதை தேவையில்லை. ஸ்மால்ஸ் விஷயத்தில் அந்தச் சிரமம் குறைவு. 1862 ஜூனிலேயே 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' அவர் படத்தையும் கப்பலின் படத்தையும் வெளியிட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் அவருடைய புகைப்படம் இருக்கிறது. போஸ்டருக்கு அவற்றையே எடுத்துக்கொள்ளலாம்.

விமானம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பெஸ்ஸி கோல்மன். அமெரிக்காவில் கற்றுத்தர ஆளில்லாததால் பிரெஞ்சு படித்து, பிரான்சுக்குப் போய் 1921-ல் விமானி உரிமம் வாங்கியவர்.

பிறந்த தேதியில் தொடங்காமல், அந்த மே மாத விடியற்காலையில் கட்டுரையைத் தொடங்கச் சொல்லுங்கள். போஸ்டரை மட்டும் நீங்கள் செய்து கொடுத்துவிடாதீர்கள். அம்மா கத்தரித்த அட்டைக்கும் பத்து வயதுப் பிள்ளை கத்தரித்த அட்டைக்கும் வித்தியாசம் எந்த ஆசிரியருக்கும் தெரியும்.