மறைந்தவர்கள் யார்?



தம்பி, உன் கட்டுரையின் மற்றப் பகுதிகளெல்லாம் நன்றாகவே அமைந்திருக்க, கொலராடோவின் மேசா வெர்டேயில் பாறைக் குடைவுகளுக்குள் வீடு கட்டி வாழ்ந்த புவெப்லோ மக்கள் ‘மர்மமாக மறைந்தொழிந்தனர்’ என்று நீ எழுதியிருப்பதைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நெடுநாள் மழை பொய்த்தது. வேறு காரணங்களும் சேர்ந்தன. ஜனங்கள் தெற்கே குடிபெயர்ந்தார்கள். இதில் மர்மம் எங்கே வந்தது?

கடல்வாழ் ஜெல்லிமீன்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ், 1889-இல் ஹெமன்வே தொல்பொருள் ஆராய்ச்சிக் குழுவின் தலைமையை ஏற்று, பின் அந்தப் புவெப்லோ மக்களின் வழிவந்த ஹோப்பிகள் வாழும் அரிஜோனா கிராமங்களுக்குச் சென்று, ‘எங்கள் குலம் இன்ன இடத்திலிருந்து வந்தது’ என்று பெரியவர்கள் சொன்ன பரம்பரைக் கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவற்றையே துணையாகக் கொண்டு பாழூர்களை ஆராய்ந்தார். வாய்மொழி மரபுக்குச் சரித்திர மதிப்பே கிடையாது என்று மானிடவியலறிஞர் ராபர்ட் லோவி பின்னாளில் வாதிட்டதைப் படித்தபோது, அந்தப் பக்கத்தை எரிச்சலோடு புரட்டித் தள்ளியவன் நான்.

1895-இல் ஃப்யூக்ஸ் தோண்டிய சிக்யாட்கி என்ற ஹோப்பிப் பாழூரைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் திருப்தி உண்டாவதில்லை. அங்கே கிடைத்த ஜாடிகளைச் சித்திரத்திலாவது பார்: உயரம் குறைந்து, தோள் அகன்று தட்டையாகி, நிலக்கரித் தீயில் வெந்து மஞ்சள் ஏறிய மண்ணின்மேல், கறுப்பும் செம்பழுப்புமாகப் பறவைகளும் இறகுகளும் விரிந்திருக்கும். பக்கத்து ஹானோ கிராமத்துக் குயத்தி நம்பெயோ அந்தக் கோலங்களைக் காகிதத்தில் பார்த்தெழுதிக்கொண்டு போனாள் என்று ஃப்யூக்ஸே குறித்திருக்கிறார். அதற்கு முன்பே பழைய ஓடுகளைப் பார்த்து அவள் வனைந்துகொண்டிருந்தாள் என்பாரும் உண்டு. எப்படியாயினும், அவள் சந்ததியார் இன்றளவும் அந்த மரபில் வனைகிறார்கள். ஒழிந்துபோன ஜாதியின் கலை இப்படியா தழைக்கும்?

ஃப்யூக்ஸை நான் பூஜிக்கிறேன் என்று எண்ணிவிடாதே. அவர் அவசரக்காரர்; குறிப்பெடுப்பதில் போதிய கவனமில்லாதவர்; சிக்யாட்கியின் அழகிய கலங்களுக்காகப் பிரேதக்குழிகளைக் கிளறியவர். நல்ல கேள்வி கேட்டவர் என்பதற்காகக் கெட்ட தோண்டலை மன்னிக்க வேண்டியதில்லை.

1900-இல் வெளியான, ஹோப்பி குலங்களின் இடப்பெயர்ச்சிக் கதைகளைப் பற்றிய அவருடைய கட்டுரையை நூலகத்தில் கேட்டு வாங்கி, அவசரமின்றிப் படித்துவிட்டுப் பதில் எழுது.