செங்காந்தள் வளர்ப்பும் அதன் நஞ்சும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

தமிழ்நாட்டின் மாநில மலர் எது என்று கேட்டால் நாம் அனைவரும் செங்காந்தள் என்று எழுதிவிடுவோம். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களில் முதலில் வருவதும் இதுவே. ஆனால் மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் கண்வலிக்கிழங்கு என்றால்தான் தெரியும். அங்கு இது விதைக்காக வளர்க்கப்படும் பணப்பயிர். தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. பழைய பாடநூல்களில் லில்லியேசி குடும்பம், இன்று கோல்சிகேசி.

இது மென்மையான கொடி. தானே நிற்கும் வலிமை தண்டுக்கு இல்லை. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு அருகிலுள்ள குச்சியைப் பிடித்துக்கொள்கிறது. பலத்த காற்றில் இளந்தண்டு முறிந்துவிடும். ஆகவே வீட்டில் வளர்க்க விரும்புவோர் காற்று மறைவான கொல்லைப்புறத்தை (எங்கள் பக்கம் பொடக்காணி என்போம்) தேர்ந்தெடுத்து, கிளுவை வேலியோரமாக நடுவது நல்லது. நீர் தேங்காத செம்மண் வேண்டும். தேங்கினால் கிழங்கு அழுகும். கிழங்கு கலப்பைபோல் வளைந்து இரு கவையாக இருக்கும். முளை கவையின் நுனியில்தான் உள்ளது. அது ஒடிந்தால் அந்தக் கவை வீண். ஆடியில் நட்டால் புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும்.

பூவின் அமைப்பே வியப்புக்குரியது. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பின் சிவக்கும் ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிகின்றன. சூலகத்தண்டு ஏறக்குறைய செங்கோணத்தில் ஒருபுறமாக வளைந்து விலகி நிற்கிறது. எனவே தன் மகரந்தம் தன் சூலகமுடியில் விழுவது அரிது. பூச்சிகளை மட்டும் நம்பினால் காய்ப்பு குறையும் என்பதால், தோட்டங்களில் பெண்கள் காலை வேளையில் ஒரு பூவின் மகரந்தப்பையை மற்றொரு பூவின் சூலகமுடியில் தொட்டு வைக்கிறார்கள். என் தாயார் அந்தக் கூலி வேலைக்குச் செல்பவர். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் எந்தப் பூவை இன்று தொட வேண்டும், எதை நாளைக்கு விட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். என் செய்முறை ஏட்டில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இதத்தான சாமி நாங்க தெனமும் தொட்டு உடறோம்?" என்றார்.

இச்செடியின் எல்லாப் பகுதிகளிலும், சிறப்பாக விதையிலும் கிழங்கிலும், கோல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. செல் பிரியும்போது கதிர்கோல் இழைகள் உருவாகாமல் அது தடுக்கிறது. குரோமோசோம்கள் இரட்டித்தும் பிரிய முடிவதில்லை. இப்பண்பைக் கொண்டே 1937இல் பிளேக்ஸ்லீ, ஏவரி இருவரும் தாவரங்களில் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினர். மிகச் சிறிய அளவில், யூரிக் அமிலம் மிகுவதால் வரும் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. அளவு மீறினால், செல்கள் விரைவாகப் பிரியும் குடலும் எலும்பு மஜ்ஜையும் முதலில் தாக்கப்படுகின்றன. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கியவுடன் மருத்துவமனைக்குப் போக வேண்டுமேயன்றி, கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்கலாகாது. சர்க்கரைவள்ளி என்று எண்ணி இக்கிழங்கைத் தின்று இறந்தவர்கள் உண்டு.

காய் வெளிறித் தோல் சுருங்கியதும் பறிக்கலாம். பின்னர்க் கொடி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் அடுத்த பருவம்வரை உறங்கும். தோண்டி எடுத்தால் ஆடும் குழந்தையும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே சோற்றுத் தூக்கைத் திறக்க வேண்டும். விதை புடைத்த முறத்தில் அரிசி புடைக்கக் கூடாது. விதைக்கென ஒரு முறம் தனியே இருக்கட்டும்.