பன்றிக் குடல் சொல்லும் பாடம்

தாய்ப்பாலை மறக்கும் வயதில் பன்றிக்குட்டிக்கு அடிக்கடி வயிற்றாலே போகும். பெரும்பாலும் ஈ.கோலை பாக்டீரியாவின் வேலைதான். தாய்ப்பால் தந்த பாதுகாப்பு நின்றுவிட்டது. குட்டி தானே தயாரிக்கும் எதிர்ப்பொருள்களோ இன்னும் போதாது. அப்போ குடலுக்கு யார் காவல்?

கூடப்பிறந்த எதிர்ப்புச் சக்திதான். அதன் ஆயுதங்களில் ஒன்று பெப்டைடு எனும் குட்டிப் புரதம். பெப்டைடுக்கு நேர் மின்சுமை, பாக்டீரியாவின் மேலுறைக்கு எதிர் மின்சுமை. சும்மா விடுமா? ஒட்டிக்கொள்ளும்! பல பெப்டைடுகள் உறையையே ஓட்டை போட்டுவிடும். விலங்குச் செல்லின் வெளிப்புறத்தில் அந்தச் சுமை மிகக் குறைவு, அதனால் தப்பிக்கிறது.

1989-ல் ஹான்ஸ் போமன் முதலான சுவீடன் விஞ்ஞானிகள், பூச்சிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த செக்ரோபின் வகைப் பெப்டைடு ஒன்றைப் பன்றியின் சிறுகுடலிலிருந்து பிரித்தார்கள். செக்ரோபின் பி1 என்று பெயரிட்டார்கள். 2003-ல் போமன் குழுவே உண்மையைக் கண்டுபிடித்தது: அது பன்றியுடையதே அல்ல, குடலில் வாழும் அஸ்காரிஸ் உருண்டைப்புழுவுடையது! ஆனால் 1991-ல் அதே சிறுகுடலில் கிடைத்த, 39 அமினோ அமிலங்கள் கொண்ட பிஆர்-39 பன்றியின் சொந்தச் சரக்குதான்; அதற்கான மரபணு பன்றியிடமே இருக்கிறது.

லேபில் ரிசல்ட் வந்ததும் ரெக்கார்டை மூடிவிடாதீர்கள். சாம்பிளில் வேறு என்ன கலந்திருக்கும் என்று கேளுங்கள். தப்பென்று தெரிந்தால் நாமே திருத்துவோம். அதில் வெட்கமென்ன?