உளிக்கு ஒரு தோல்

கேள்வி: அமெரிக்கா விடுதலை பெற்ற கையோடு, பாஸ்டன் கப்பல்கள் தென் அமெரிக்க முனையைச் சுற்றிப் பசிபிக் கரைக்குப் போய்த் தோல் வாங்கினவாமே! வெறும் தோலுக்கா இவ்வளவு தூரம்? அந்த வணிகம் ஏன் நீடிக்கவில்லை?

பதில்: போனது தோலுக்குத்தான், ஆனால் குறி தேயிலைமேல். 1783-ல் போர் ஓய்ந்ததும் பிரிட்டன் தன் மேற்கிந்தியத் தீவுத் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்கு அடைத்துவிட்டது. பாஸ்டன் வணிகர்களின் பார்வை சீனாவின் பக்கம் திரும்பியது. கான்டனில் தேயிலை வாங்க வெள்ளி வேண்டும். அது அவர்களிடம் போதவில்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கேப்டன் குக்கின் மாலுமிகள் அற்ப விலைக்கு வாங்கிய கடல் நீர்நாய்த் தோல்கள் கான்டனில் கொள்ளை விலைக்குப் போன சேதி அப்போதுதான் அச்சேறியிருந்தது.

திமிங்கிலம், சீல் போல இந்த விலங்குக்குத் தோலடிக் கொழுப்பு கிடையாது. குளிருக்குக் காப்பு ரோமம்தான்: ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 லட்சத்துக்கும் மேல் முடிகள். இதைவிட அடர்ந்த ரோமம் வேறெந்த விலங்குக்கும் இல்லை.

1787-ல் ஜான் கென்ட்ரிக்கும் ராபர்ட் கிரேயும் 'கொலம்பியா', 'லேடி வாஷிங்டன்' என்ற இரு கப்பல்களில் பாஸ்டனிலிருந்து கிளம்பினார்கள். 1789-ல் அந்த மேற்குக் கரையின் பூர்வகுடிகளான ஹைடா மக்களிடம் கிரே 200 தோல்களை, தோலுக்கு ஓர் இரும்பு உளி என்று, சிறிது நேரத்தில் வாங்கி முடித்தார். தோல்களைக் கான்டனில் விற்றுத் தேயிலை ஏற்றிக்கொண்டு 1790 ஆகஸ்டில் ஊர் திரும்பினார். உலகைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கக் கப்பல் 'கொலம்பியா'தான். தேயிலையில் பெரும்பகுதி வழியிலேயே கெட்டுப்போனது. ஆனாலும் சில வாரங்களிலேயே கப்பல் மறுபடியும் புறப்பட்டது.

வேட்டையாடியவர்கள் பெரும்பாலும் அந்தக் கரையின் பூர்வகுடிகள். அவர்கள் ஏமாளிகள் அல்லர். உளிகள் பெருகி மதிப்பிழந்ததும் செம்புத் தகடு, கம்பளித் துணி, துப்பாக்கி என்று கேட்டு வாங்கினார்கள். பேரம் முறிந்த இடங்களில் ரத்தமும் சிந்தியது. 1792-ல், பூர்வகுடிகள் தன் கப்பலைத் தாக்கத் திட்டமிட்டார்கள் என்று கிரே அவர்களின் ஓபிட்சாட் என்ற ஊரையே அழிக்கச் சொன்னார். மக்கள் வெளியேறியிருந்த அவ்வூரில் சுமார் 200 வீடுகள், சிற்பம் செதுக்கிய வாசல்கள். அழிக்கப் போன ஜான் பாய்ட் என்ற இளைஞர், அந்த ஆணை தம்மை வருத்தியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்குச் சில வாரங்கள் கழித்துத்தான், மே 11 அன்று, கிரே கொலம்பியா ஆற்றுக்குள் நுழைந்து புகழ் பெற்றார்.

வணிகம் நீடிக்காததற்குக் காரணம் எளிது. கடல் நீர்நாய் பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடும். வேட்டையின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1820-களிலேயே தோல் வரத்து சுருங்கிவிட்டது. 1911-ல் பன்னாட்டு ஒப்பந்தம் காப்புக் கொடுத்தபோது, லட்சத்துக்கும் மேல் இருந்த இனத்தில் மிஞ்சியவை 2,000-க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள்.

கிரேயின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பயணங்களின் லாபக் கணக்கை எழுதும்போது ஓபிட்சாட்டையும் கடல் நீர்நாயையும் செலவுப் பக்கத்தில் எழுதியே ஆக வேண்டும்.