'பாதர்' வரும் இடமெல்லாம்

அன்புள்ள தம்பி,

நீ மொழிபெயர்த்து அனுப்பிய லண்டன் கதையை நேற்று ராத்திரி ஒரே மூச்சில் படித்தேன். குடித்தனக்காரன் கதவைத் தட்டி, வீட்டுக்கார அம்மாளிடம், "தங்களுக்குத் தொந்தரவு தருவதற்கு வருந்துகிறேன்" என்கிறானே, அங்கே எனக்குக் கோபமே வந்துவிட்டது. முன்பெல்லாம் தூர்தர்ஷனில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டை போடுவார்களே, அப்படி இருக்கிறது. தீப்பெட்டி கேட்க வந்தவன் இப்படியா பேசுவான்? மூலத்தில் உள்ள 'சாரி டு பாதர் யூ' (sorry to bother you) என்பதில் வருத்தம் ஒன்றும் கிடையாது, பேச்சைத் தொடங்க ஒரு வழி. "அம்மா, ஒரு நிமிஷம்" போதும்.

'பாதர்' கண்ட இடமெல்லாம் 'தொந்தரவு' போட்டிருக்கிறாய். "கதவைச் சாத்தத் தொந்தரவு எடுத்துக்கொள்ளவில்லை" என்று எந்த ஊரில் சொல்கிறார்கள்? "கதவைக்கூடச் சாத்தாமல் போனான்" என்று எழுது. அந்தக் 'கூட'வில் அவன் அலட்சியம் முழுக்க வந்துவிடும்.

'பாதர்' என்ற சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ஸ்விஃப்ட், ஸ்டெர்ன் என்று அயர்லாந்தில் பிறந்தவர்களின் எழுத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. இரைச்சல் போட்டு ஆளைக் குழப்புவது என்பது பழைய பொருள். நம் 'காதைக் குடையாதே' அதற்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது, பார்! பிறகு மரியாதைப் பேச்சிலும் புகுந்தது. 1960களின் கடைசியில் லண்டன் தெருப் பையன்கள் வாயில் 'பாவர்' (bovver) என்று திரிந்து அடிதடியானது. சண்டைக்கு மாட்டிப்போகும் கனத்த பூட்ஸுக்கே 'பாவர் பூட்ஸ்' என்று பேர். உன் கதையில் வழிமறிக்கும் பையன்கள் கேட்பது அந்தப் பாவர்தான். "தொந்தரவு வேண்டுமா?" என்றால் யார் பயப்படுவார்கள்? "வம்பு வேணுமா?" என்று கேட்கட்டும்.

கோடம்பாக்கத்தில் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் என் பக்கத்து அறையில் இருந்தார். நான் புரூஃப் பார்க்கும்போது, "கரைச்சல் தாறனோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார். தேநீர் போட எழுந்தால், "உதுக்கேன் மினக்கெடுறியள்?" என்பார். இரண்டும் 'பாதர்'தான். அகராதியில் தேடியதைவிட அவரிடம் கேட்டதே எனக்கு அதிகம் உதவியது.

மாடிப்படியில் விளக்குப் போடப் போனவனைக் கிழவி தடுக்கும் இடத்தில், 'டோன்ட் பாதர்' என்பதை "இருக்கட்டும்ப்பா" என்று எழுதியிருக்கிறாய். அபாரம்! அவள் வயசும் களைப்பும் அதில் இருக்கின்றன. எனக்கே அது தோன்றியிருக்காது. இது வந்த கையில் மற்றவை எப்படி வராமல் போகும்? வாய்விட்டுப் படித்துத் திருத்தி அனுப்பு. ஞாயிறுக்குள் வந்தால் அடுத்த இதழிலேயே போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்