திக்கிப் பேசுவோரும் பேச்சுப் பயிற்சியும்

வகுப்பில் ஆசிரியர் பெயர் அழைக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு சொற்களுக்கு அஞ்சியே பள்ளிக்குச் செல்ல மறுத்த பிள்ளைகளை எங்கள் பேச்சுப் பயிற்சிப் பிரிவில் கண்டிருக்கிறோம். வயிற்றுவலி என்று மருத்துவரிடம் அழைத்து வரப்பட்டு, பரிசோதனைகளில் ஒன்றும் தென்படாமல், பின்னர் எங்களிடம் அனுப்பப்பட்டவர்களும் அவர்களுள் உண்டு.

திக்கல் மூன்று விதமாக வெளிப்படும். சொல்லின் முதலொலி ‘அ-அ-அ-அம்மா’ என்று திரும்பத் திரும்ப வரலாம். ‘ம்ம்ம்மாமா’ என்று நீளலாம். அல்லது வாய் திறந்திருந்தும் ஒலியே எழாமல் அடைபட்டு நிற்கலாம். மூன்றாவதே பேசுவோரை மிகவும் வருத்துவது. கேட்போருக்கோ அது மௌனமாகவே தோன்றும். விடை தெரியாமல் விழிப்பதாக எண்ணிவிடுவார்கள்.

நாக்கிலோ உதட்டிலோ குறையிருப்பதால் திக்கல் வருவதில்லை. பாடும்போதும், பலருடன் சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும் பெரும்பாலோர்க்குத் திக்கல் மறைந்துவிடுவதே இதற்குச் சான்று. ஆகவே, நாக்கின் அடியிலுள்ள சவ்வை வெட்டுவதாலோ, வசம்பு தேய்ப்பதாலோ, வாயில் கூழாங்கல் இட்டுப் பேசுவதாலோ இது தீர்வதில்லை. இதற்கென அங்கீகரிக்கப்பட்ட மாத்திரையும் இல்லை. பேச்சுறுப்புகளின் அசைவைக் காலக்கணக்குடன் ஒருங்கிணைக்கும் மூளைப் பகுதிகளின் செயற்பாட்டில் உள்ள வேறுபாடே அடிப்படை. பரம்பரைக்கும் இதில் பெரும் பங்குண்டு. அச்சமும் அவசரமும் திக்கலை மிகுவிக்கும். ஆயினும் அவை அதைத் தோற்றுவிப்பதில்லை. ‘நான் அதட்டியதால்தான் இப்படி ஆயிற்றோ’ என்று கண்கலங்கும் தாய்மார்களுக்கு இதையே முதலில் சொல்கிறோம்.

பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் திக்கல் தொடங்குகிறது. நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ 5 பேர்க்கு இது வருகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குத் தானாகவே நீங்கிவிடுகிறது. பெரியவர்களுள் நூற்றில் ஒருவர் அளவில் எஞ்சுகிறது. பேசக் கற்கும் வயதில் ‘எனக்கு, எனக்கு, வந்து, வந்து’ என்று முழுச் சொற்களை மீட்டுச் சொல்வது இயல்பே. ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் திக்கல் நீடித்தாலும், குடும்பத்தில் வேறெவர்க்கேனும் இருந்தாலும், பேசும்போது குழந்தை கண்ணை இறுக்கினாலோ காலை உதைத்தாலோ, பேச்சையே தவிர்க்கத் தொடங்கினாலோ, ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திராமல் வாருங்கள். பெரியவர் ஒருவர்க்குத் திடீரெனப் பேச்சு தடைப்படத் தொடங்கினால் அது வேறு செய்தி. பக்கவாதமாக இருக்கக்கூடும், அவரை உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவர வேண்டும்.

வீட்டில் என்ன செய்வது? ‘மெதுவாகப் பேசு’, ‘மூச்சை இழுத்துவிட்டுச் சொல்’ என்பவை அன்பால் சொல்லப்படுபவையே. எனினும், தான் பேசுவது தவறு என்ற எண்ணத்தையே குழந்தை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதனினும் பயனுள்ளது, பெற்றோர் தம் பேச்சை மெதுவாக்கிக்கொள்வதாகும். குழந்தை பேசி முடித்ததும் ஒரு கணம் பொறுத்து விடையளியுங்கள். அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஐந்து நிமிடம், கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, அக்குழந்தையோடு மட்டும் விளையாடுங்கள். அண்ணனும் அக்காளும் முந்திக்கொண்டு பேசும் வீடுகளில் ஒவ்வொருவரும் முறைவைத்துப் பேசும் வழக்கத்தைக் கொண்டுவருவது எளிதன்று. பாட்டி தாத்தாவின் துணை இருந்தால் நடக்கும்.

ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் உருவான ‘லிட்கோம்’ முறையும் கையாளப்படுகிறது. இதில் பயிற்சி தருபவர் பெற்றோரே. குழந்தை தடையின்றிப் பேசும் தருணங்களில் ‘அழகாக, தடங்கலின்றிச் சொன்னாய்’ என்று பாராட்டுவதும், எப்போதாவது மட்டும் திக்கலை மென்மையாகச் சுட்டுவதும், ஒவ்வொரு நாளின் நிலையையும் எண்ணால் குறித்துவைப்பதும் இதன் கூறுகள். பாராட்டே மிகுந்திருக்க வேண்டும். அந்த அளவு பிழைத்தால் பயிற்சி கண்டிப்பாக மாறிவிடும். எனவே, கேள்விப்பட்ட அளவில் தாமாகத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பேச்சைப் பற்றியே பேசாமல் சூழலை மாற்றுவதா, பேச்சையே நேராகச் சுட்டுவதா, எது மேல் என்று பெற்றோர் வினவுவதுண்டு. நெதர்லாந்தில் இவ்விரு வழிகளையும் ஒப்பிட்டு 2015இல் வெளிவந்த ஆய்வில், 18 மாதம் கழிந்தபின் இரண்டும் ஏறக்குறைய ஒரே பயனையே தந்திருந்தன. குழந்தையின் இயல்பையும் வீட்டின் நிலையையும் பார்த்தே நாங்கள் தேர்ந்தெடுக்கிறோம்.

பெரியவர்களிடம் கதை வேறு. ‘த’ என்னும் ஒலிக்கு அஞ்சி, தாம்பரத்தில் இறங்க வேண்டியவர் பெருங்களத்தூருக்குச் சீட்டு வாங்குவார். விரும்பியதை விட்டுவிட்டு, சொல்ல எளிதானதை உணவகத்தில் கேட்பார். சொல்லை மாற்றலாம், ஊரை மாற்றலாம். தம் பெயரை மாற்ற இயலாது. அதனால் பெயர் சொல்ல வேண்டிய இடங்களுக்கே செல்லாமல் விடுவார். வெளியில் திக்கலே தெரியாத சிலர் உள்ளுக்குள் இவ்வாறு நாள் முழுதும் கணக்கிட்டுக் களைத்துப்போகிறார்கள்.

தாமே திக்கிப் பேசிய அமெரிக்க அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர் (1905–1994) வகுத்த வழி இவர்களுக்குப் பெரிதும் உதவுகிறது. திக்கலை ஒழிக்க முயல்வதற்கு மாறாக, எளிதாகத் திக்கக் கற்பது அவ்வழி. ‘க’ ஒலிக்கும்போது பின்நாக்கு மேலண்ணத்தில் இறுக ஒட்டிக்கொள்கிறது என்று கொள்வோம். வலிந்து தள்ளாமல், அவ்விடத்திலேயே நின்று, இறுக்கத்தை உணர்ந்து, மெல்லத் தளர்த்தி, ஒலியை நீட்டியபடி வெளியே வரப் பழக்குகிறோம். சில வேளைகளில் வேண்டுமென்றே திக்கிப் பேசச் சொல்வதும் உண்டு. வினோதமாகத் தோன்றினும், அச்சத்தை உடைப்பதில் இது வலியது. இதனோடு, குரலை மென்மையாகத் தொடங்குதல், உதட்டையும் நாக்கையும் இலேசாகத் தொட்டு ஒலித்தல் ஆகியவற்றையும் கற்பிக்கிறோம்.

பயிற்சி அறையில் இவை விரைவில் கைவரும். தேநீர்க் கடையில் வாரா. ஆதலால் மருந்தகத்துக்குத் தொலைபேசியில் பேசுதல், அறியாதவரிடம் வழி கேட்டல் என்று படிப்படியாக வெளியே அழைத்துச் செல்கிறோம். இதற்கு மாதங்கள் பிடிக்கும். நேர்முகத் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில் வருவோரிடம், முழுமையாக நீக்கித் தருவதாக நாங்கள் வாக்களிப்பதில்லை. அப்படி வாக்களிக்கும் விளம்பரங்களை நம்பவும் வேண்டாம். அப்பத்து நாளில் செய்யக்கூடியது ஒன்றுண்டு: ‘எனக்குத் திக்கல் உண்டு, சற்று நேரம் தேவைப்படும்’ என்று தொடக்கத்திலேயே சொல்லப் பழகுதல். மறைக்கும் சுமை இறங்கியதும் பேச்சும் ஓரளவு இலகுவாவதைப் பலரிடம் கண்டிருக்கிறோம்.

உடனிருப்போர் சொல்லை எடுத்துக்கொடுக்க வேண்டாம். கண்ணை விலக்காமல் காத்திருங்கள். கணவருக்குப் பதிலாக மருத்துவரிடம் தாமே விடை சொல்லிவிடும் மனைவியரையும், மனைவிக்குப் பதிலாகச் சொல்லும் கணவரையும் இங்கே அன்றாடம் காண்கிறோம்.

முதல் முறை வரும்போது, குழந்தை வீட்டில் இயல்பாகப் பேசுவதைப் பத்து நிமிட அளவில் கைப்பேசியில் பதிந்து கொண்டுவாருங்கள். எங்கள் அறையில் நுழைந்ததும் ஒருமுறைகூடத் திக்காமல் பேசிவிடும் பிள்ளைகள் பலர்.